பார்த்தாலே தெரிவதை ஏன் நிறுவ வேண்டும்?

திங்கட்கிழமை எங்கள் உணவகத்துக்கு ஓய்வுநாள். அன்று மாலையில் நாலைந்து பேர் ஒரு நண்பர் வீட்டில் கூடுவோம். நண்பரின் மகள் இங்கே பாரிஸில் கொலேஜின் இரண்டாம் வருடம். ஊர்க் கணக்கில் ஏழாம் வகுப்பு. போன கிழமை அவள் கடதாசியில் ஒரு முக்கோணியை வெட்டி, அதன் மூன்று மூலைகளையும் கிழித்து ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். நேர்கோடு வந்தது. 180 பாகை. “பார்க்கவே தெரியுதுதானே மாமா, பிறகேன் எழுதி நிறுவச் சொல்லுகினம்?” என்று கேட்டாள்.

எங்களில் இருவர் பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டு வந்தவர்கள். தரவு, நிறுவ வேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று நாலு தலைப்புப் போட்டு எழுதிப் புள்ளி வாங்கியவர்கள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதும் தெரியும்.

இந்தக் கேள்வி மிகப் பழையது. முக்கோணியொன்றின் இரு பக்கங்களைக் கூட்டினால் மூன்றாவதிலும் நீளம் என்று யூக்கிளிட் நிறுவியதை எப்பிக்கூரியர் கேலி செய்தார்கள்: இது கழுதைக்கும் தெரியும், புல் இருக்கும் இடத்துக்கு அது வளைந்தா போகிறது? ஐந்தாம் நூற்றாண்டில் உரையெழுதிய புறொக்கிளஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். தெரிவது வேறு, ஏன் அப்படி என்று அறிவது வேறு என்பது அவருடைய பதில்.

1741இல் கிளெரோ என்ற பிரெஞ்சுக் கணிதர் கழுதையின் பக்கம் நின்று ஒரு பாடநூலே எழுதினார். கிளெரோ லேசான ஆள் அல்லர். பதினெட்டு வயதில் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினர். பூமியின் வடிவத்தை அறிய லப்லாந்துப் பனிக்குள் போய் நிலத்தை அளந்த குழுவில் ஒருவர். ஒன்றையொன்று வெட்டும் இரு வட்டங்களுக்கு ஒரே மையம் இருக்க முடியாதென்று யூக்கிளிட் மினக்கெட்டு நிறுவியது பிடிவாதக்கார விதண்டாவாதிகளின் வாயை அடைப்பதற்காக. பிள்ளைகளுக்கு அது எதற்கு என்பது அவர் வாதம். ஆகவே நில அளவையிலிருந்தே தொடங்கினார். எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்த கேத்திரகணிதம் என்ற சொல்லும் அதைத்தானே சொல்கிறது? கேத்திரம் என்றால் வயல். அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே ஒரு வரம்பையும் அளக்காமல் படித்து முடித்தோம்.

கிளெரோவின் நூலை எங்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் அளவையும் நிறுவலும் பின்னர் எப்படிப் பங்கு பிரிக்கப்பட்டன என்பதைப் பார்க்க வேண்டும். 1833இல் கிசோ கொண்டுவந்த பள்ளிச் சட்டம் சாதாரண ஆரம்பப் பள்ளிக்கு வாசிப்பு, எழுத்து, எண்கணிதம், நிறுவை அளவை போன்றவற்றோடு நின்றுவிட்டது. மேல்நிலை ஆரம்பப் பள்ளியில்தான் கேத்திரகணிதம். அதுவும் குறிப்பாகக் கோட்டுச் சித்திரத்துக்கும் நில அளவைக்கும் உதவுகிற அளவில். கட்டணம் கட்டி லிசேக்குப் போன வீட்டுப் பிள்ளைகளுக்கோ 1794இல் வெளிவந்த லெஜாந்தரின் நூல், வரிசையாகத் தேற்றமும் நிறுவலும். அளக்கிற கை ஒரு பள்ளியில், ‘ஏன்’ என்று கேட்கிற வாய் இன்னொரு பள்ளியில். (அதே காலத்தில் எங்கள் வட்டுக்கோட்டைச் செமினறியில், 1823இலிருந்து 1855 வரை, அமெரிக்க மிசனரிமார் கணிதத்தையும் வானசாஸ்திரத்தையும் படிப்பித்தார்கள். அங்கும் எல்லார் வீட்டுப் பிள்ளையும் போய் இருந்துவிடவில்லை.)

பிறகு அடுத்த பக்கத்தால் ஒரு வெள்ளம் வந்தது. 1959இல் பாரிஸுக்கு வடக்கே றொயமோன் மடத்தில் நடந்த கருத்தரங்கில் தியுதொன்னே என்ற கணிதர் யூக்கிளிட் ஒழிக என்று முழங்கினார். முக்கோணிகளை விட்டுவிட்டுத் தொடைகளையும் காவிகளையும் படிப்பியுங்கள் என்பது அவர் கட்சி. 1967இல் லிஷ்னரோவிச் தலைமையில் குழு அமைந்தது. 1971இல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளின் பாடத்திட்டத்தில் நேர்கோடு என்பது ஒரு தொடையாகவும், அதிலிருந்து மெய்யெண்களுக்குப் போகும் ஒன்றுக்கொன்றான சார்புகளின் கூட்டமாகவும் வரையறுக்கப்பட்டது. அடிமட்டத்தை வைத்துக் கீறுகிற கோட்டுக்கு இந்த நிலை! எந்தத் தச்சனின் மகள் தகப்பனிடம் சந்தேகம் கேட்டிருப்பாள்? பத்து வருடம் போகுமுன் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் அதற்கிடையில், 1975இல், றெனே ஹபி கல்வி அமைச்சராக இருந்தபோது வந்த சட்டத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே கொலேஜ் என்றாயிற்று. 1980களில் எங்களுக்கு முன் வந்தவர்களின் பிள்ளைகள் நுழைந்த கதவு அதுதான். கோப்பை கழுவுகிறவரின் மகளுக்கும் நிறுவல் கேட்கிற வீட்டுப்பாடம் வருகிறதென்றால் அதற்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அவளோ அதைத் தண்டனை என்று நினைக்கிறாள்.

அவளுக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. ஆளுக்கொரு முக்கோணி கீறி, அவளுடைய பாகைமானியால் அளந்தோம். ஒருவருக்கு 179 வந்தது, ஒருவருக்கு 181, இறைச்சி வெட்டுகிற நண்பருக்கு 184. “யார் சொல்லுறது சரி? வயதில் மூத்தவரா?” என்று கேட்டோம். சிரித்தாள். பிறகு உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு போடச் சொன்னோம். ஒன்றுவிட்ட கோணங்கள் இரண்டு பக்கமும் சமன் என்பதை அவளே பிடித்துவிட்டாள். கொஞ்ச நேரம் பேசாமல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அப்ப கீறாத முக்கோணிக்கும் இதுதானா?” என்றாள்.

எழுதும்போதுதான் நாங்கள் மாட்டுப்பட்டோம். இங்கே மூன்று படியாக எழுத வேண்டுமாம்: ‘எமக்குத் தெரிந்தது’, பிறகு ‘ஓர்’, பிறகு ‘ஆகவே’. எங்களுக்கு ‘ஓர்’ என்றால் லாச்சப்பல் நகைக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் தங்கம். அது இங்கே தங்கம் இல்லை, நாங்கள் முன்பே ஒப்புக்கொண்ட விதியை எடுத்து வைக்கிற சொல் என்று அவள்தான் எங்களுக்கு விளக்கினாள், இரண்டு தரம்.