கல்லும் மண்ணும்: வடக்கின் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம்?

இடைநிலை வகுப்புகளில் பாறைகள் பற்றிய பாடம் வரும்போது பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான். தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என்று மூன்று பெயர்கள் கரும்பலகையில் ஏறும். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள். தவணைப் பரீட்சையோடு அது மறந்துபோகும். கிளிநொச்சி மாவட்டத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறவள் என்ற முறையில், இதே பாடத்தை நம்முடைய நிலத்திலிருந்தே எப்படித் தொடங்கலாம் என்பதை இங்கே எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் பிள்ளையோடு இருந்து படிப்பிக்கும் தாய் தகப்பனுக்கும் இது உதவும். ஆய்வுகூடம் தேவையில்லை. தேசிக்காய், கற்கண்டு, வெறும் போத்தல், ஒரு தகரப்பேணி போதும்.

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இந்தப் பாடம் "வெளியே போய் விதம்விதமான கற்களைப் பொறுக்கி வாருங்கள்" என்றுதான் தொடங்கும். முகமாலைப் பக்கமோ முல்லைத்தீவுப் பக்கமோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு நாங்கள் அப்படிச் சொல்ல முடியாது. கண்ணிவெடி அகற்றி முடிந்த நிலம் எது, முடியாத நிலம் எது என்பது பெரியவர்களுக்கே சில இடங்களில் குழப்பம். கடும் மழையும் வெள்ளமும் மண்ணை அரித்துக்கொண்டு போகும்போது, புதைந்து கிடந்தவை வெளியே தெரியலாம், இடம் மாறியும் கிடக்கலாம். ஆகவே கற்களை நானே கொண்டுபோவேன். பிள்ளைகள் கொண்டுவருவதென்றால் வீட்டு முற்றத்திலிருந்தோ, வீடு கட்டப் பறித்த சல்லிக் குவியலிலிருந்தோ மட்டும். பற்றைக்குள் போகக்கூடாது, எங்கேயும் கிண்டக்கூடாது. தெரியாத இரும்பு எதையும் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மண்ணரிப்புப் பாடத்தின் முதல் பக்கமாக இதைத்தான் நான் எழுதுவிக்கிறேன். பாடத்திட்டத்தில் இருக்கிறதோ இல்லையோ, எங்கள் பிள்ளைகளுக்கு இது பாடத்தின் பகுதிதான்.

இனிக் கற்களுக்கு வருவோம். மேசையில் இரண்டு கற்களை வையுங்கள். ஒன்று யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல், மற்றது வன்னிக் கல்லுடைப்புகளிலிருந்து வரும் கருங்கல். இரண்டையும் இரும்பாணியால் கீறச் சொல்லுங்கள். சுண்ணக்கல்லில் கோடு விழுந்து வெள்ளைத்தூள் உதிரும். கருங்கல்லில் ஆணியின் கோடு பெரும்பாலும் ஏறாது. பிறகு அந்த வெள்ளைத்தூளின் மேல் தேசிக்காய்ப் புளியைப் பிழிந்துவிட்டால் நுரைத்துப் பொங்கும். "ரீச்சர், கல்லு சோடா மாதிரிப் பொங்குது!" என்று ஒரு பிள்ளையாவது கத்தாமல் இந்த வகுப்பு முடிந்ததில்லை. அந்தப் பிள்ளை சொல்வது சரிதான், சோடாவில் இருக்கிற அதே காபனீரொட்சைட்டுத்தான் இங்கேயும் வெளியேறுகிறது. சிப்பி ஓட்டையும் முட்டைக்கோதையும் தூளாக்கி இதையே செய்து காட்டுங்கள், அவையும் நுரைக்கும். ஏனென்றால் மூன்றும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பு முடிந்த மயோசீன் காலத்தில், ஆழமில்லாத கடலடியில் சிப்பிகளும் முருகைகளும் படிந்து இறுகியதுதான் குடாநாட்டின் அடியிலிருக்கும் கல். வன்னிக் கருங்கல்லோ வெப்பத்திலும் அமுக்கத்திலும் உருமாறிய பாறை, 50 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. இலங்கையின் பெரும்பகுதி இந்தப் பழைய பாறைதான். புத்தளம் தொடக்கம் மன்னார், யாழ்ப்பாணம் வரையிலான வடமேற்குக் கரையோரமும் குடாநாடும்தான் சுண்ணக்கல். அடையற்பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் உதாரணம் தேடி ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை, ஆனையிறவைத் தாண்டிப் போய்வந்தால் போதும்.

பாறை சிதைவதைப் புத்தகம் வானிலையாலழிதல் என்கிறது. பெயர் நீளம், பிள்ளைகளுக்கு நாக்குப் பிரளும். ஒரு மூடியுள்ள பேணிக்குள் கற்கண்டைப் போட்டு நூறுதரம் குலுக்கச் சொல்லுங்கள். மூலைகள் தேய்ந்து உருண்டையாகி, அடியில் தூள் சேர்ந்திருக்கும். இது பௌதிக முறை. மற்ற முறை இரசாயனம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மிக மென்மையான அமிலமாகிச் சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. தேசிக்காய் ஒரு நிமிடத்தில் செய்ததை மழை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செய்கிறது. நிலாவரைக் கிணறும், கடலோரத்திலேயே நன்னீர் ஊறும் கீரிமலையும் அப்படிக் கரைந்த கல்லின் வழிகள்தான். இதற்கு வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலின் உள்ளே படியும் வெள்ளை, கரைந்துபோன கல் திரும்பி வந்ததுதான். அதைச் சுரண்டித் தேசிக்காய் விட்டால் அதுவும் நுரைக்கும்.

மூன்றாவது வழியைப் போருக்குள் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வருடக்கணக்காக ஆளில்லாமல் கிடந்த வீட்டுச் சுவர்களை ஆலும் அரசும் பிளந்து நின்றதை மீள்குடியேறப் போனவர்கள் எல்லோரும் கண்டார்கள். வேர் நுழைந்து தடிக்கும்போது கல்லும் வெடிக்கும்.

உடைவது வேறு, உடைந்தது போவது வேறு. இந்த வேறுபாட்டில்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். வானிலையாலழிதலில் பாறை இருந்த இடத்திலேயே சிதைகிறது. மண்ணரிப்பில் மண்ணை நீரோ காற்றோ எடுத்துச் செல்கிறது. ஒருமுறை ஒரு மாணவி, "அப்ப மண் இடம்பெயருது, என்ன ரீச்சர்?" என்று கேட்டாள். அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஆண்டிலிருந்து அதையே சொல்கிறேன்.

மண்ணரிப்புக்கு ஒரு பரிசோதனை செய்தால் போதும், ஆனால் அவசரப்படாமல் செய்ய வேண்டும். மூன்று பெரிய பிளாஸ்ரிக் போத்தல்களைப் படுக்கவைத்து மேற்பக்கத்தை வெட்டி, ஒரே அளவு மண் நிரப்புங்கள். ஒன்று வெறும் மண். இரண்டாவதின் மேல் காய்ந்த சருகு. மூன்றாவதில் அறுகம்புல்லை வேரோடு நட்டு, இரண்டு மூன்று கிழமை வளர விடுங்கள். போத்தல்களைச் சற்றுச் சாய்த்து, வாயின் கீழ் ஆளுக்கொரு கண்ணாடிக் குவளை வைத்து, அடியில் துளையிட்ட தகரப்பேணியால் ஒரே அளவு தண்ணீரை மழைபோல ஊற்றுங்கள். முதற் குவளையில் கலங்கல், இரண்டாவதில் வெளிறிய நிறம், மூன்றாவதில் ஏறக்குறையத் தெளிந்த நீர். முடிவை நீங்கள் சொல்லவேண்டாம், குவளைகளை வரிசையாக வைத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். முதற் குவளையின் கலங்கல் அடுத்த நாள் அடியில் படிந்திருக்கும். வன்னியில் அது குளத்தின் அடியில் படிகிறது. கனகராயன் ஆறு கொண்டுவரும் மண் இரணைமடுவில் சேரச் சேர, குளம் தேக்கும் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் சிறுபோகம் குறையும். வயல் செய்கிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

காற்றரிப்புக்கு வடமராட்சி கிழக்கின் மணற்குன்றுகளை விட்டால் வேறு பாடசாலை இல்லை. மணற்காட்டில் பழைய தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் நிற்கின்றன. இராவணன்மீசையும் அடம்பன்கொடியும் படர்ந்த இடத்தில் மணல் நிற்கும், அவற்றைப் பிடுங்கிய இடத்தில் ஓடும். அடம்பன்கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மேடைகளில் ஒற்றுமைக்குச் சொல்கிறோம், உண்மையில் அது கரையோரத்து மணலைப் பற்றிய நேரடி அவதானிப்பும்கூட. இரவில் மணல் ஏற்றிப்போகும் ரிப்பர்களைப் பிள்ளைகள் என்னைவிட நன்றாக அறிவார்கள். வகுப்பில் யாருடைய பெயரும் சொல்லாமல் கணக்கை மட்டும் போடச் சொல்வேன்: அலையும் காற்றும் எத்தனை காலம் சேர்த்ததை ஒரு ரிப்பர் எத்தனை நிமிடத்தில் ஏற்றுகிறது?

இந்தப் பாடத்தைப் படிப்பிக்கும்போது பெற்றோரிடமும் கேளுங்கள் என்று பிள்ளைகளை அனுப்புவது வழக்கம். ஒரு தாய் சொல்லியனுப்பியது: செம்மண்ணில் வெட்டின பங்கர் நிற்கும், கடற்கரை மணலில் நிற்காது, அதனால் சீலைகளைக் கிழித்துத் தைத்து மூட்டைகட்டி அடுக்கினோம். மண்ணின் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மை பற்றி எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆனால் இதை எல்லா வீட்டிலும் கிளறக்கூடாது. சொல்ல விரும்புகிறவர் சொல்லட்டும். பிள்ளை வெறுங்கையோடு வந்தால் ஏன் என்று கேட்காதீர்கள்.

மலையகத்தையும் ஒரு நாள் பேசுங்கள். 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் சரிந்த மண், தோட்டத் தொழிலாளரின் லயன்களை மூடியது. சமதரையில் வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு மண் சரிவது என்றால் என்னவென்று தெரியாது. சாய்த்த பலகையில் மண்ணைக் குவித்து, சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டுங்கள். கனம் ஏறி, பிடிப்புத் தளர்ந்து, ஒரு நொடியில் மொத்தமாக வழுக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கிழமையில் முடிக்க வேண்டாம். புரட்டாதி கடைசியில், மாரி மழைக்கு முன்பு, பாடசாலை முற்றத்தில் ஆபத்தில்லை என்று உறுதியான இடமாகப் பார்த்து நான்கைந்து நீண்ட ஆணிகளை இறக்குங்கள். சில வெறும் தரையில், சில புல்லுக்குள், ஒன்று கூரைத்தண்ணீர் விழும் இடத்தில். ஆணியின் தலை மண்ணிலிருந்து எவ்வளவு உயரம் என்று மில்லிமீற்றரில் குறித்து, இலக்கமிட்டு, பிள்ளைகளின் பெயரில் ஒப்படையுங்கள். ஓடித்திரிகிற பிள்ளைகள் காலில் குத்தாதிருக்க ஒவ்வொன்றையும் சுற்றிக் கல் அடுக்கிவிட வேண்டும். தைப்பொங்கல் முடிந்து பள்ளி கூடியதும் அடிமட்டத்தோடு போய் அளந்துகொள்ளலாம்.