ஒன்பதாவது கேள்விக்குப் பிறகு

போன விடுமுறையில் நிலாவெளிக் கடற்கரையில இருந்து கதைச்சுக்கொண்டிருந்தோம். எங்களில ஒருத்தி தன்ர போனை நீட்டினாள். மனநிலையைப் பதியிற ஆப். மூன்று கிழமையா எல்லா நாளும் சிவப்பு. பக்கத்திலேயே இருந்த எங்களுக்கு ஒண்டும் தெரியாது, போனுக்குத் தெரிஞ்சிருக்கு.

ஒருவரின் மனம் சரியில்லை என்பதை யார் கவனித்தார்கள்? இதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இலங்கையின் மனநோய்ச் சட்டம் 1873இல் வந்தது. ஆளை எப்படித் தடுத்து வைப்பது என்பதே அதன் பெரிய கவலை. 1920களில் அங்கொடை ஆஸ்பத்திரி வந்தது. "உன்னை அங்கொடைக்கு அனுப்போணும்" என்ற பகிடி இன்னும் எங்கட வாயில இருக்கு. நிலாவெளிச் சனத்துக்கு மனநல வைத்தியம் என்றால் நாட்டின் மறுகரை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. நாடு முழுக்க 30,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். துக்கத்தை ஆஸ்பத்திரி மதிலுக்குள் அடைக்க முடியாது என்று அப்போதுதான் அரசுக்கும் விளங்கியது. 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை, சேவையைக் கொழும்பிலிருந்து மாவட்டங்களுக்கும் ஊர்களுக்கும் கொண்டுவரச் சொன்னது. அதாவது, ஆள் தேடி வந்து கேட்க வேண்டும்.

ஆப்பின் கதை வேறு. பல ஆப்கள் கேட்பது பிஎச்க்யூ-9 என்ற கேள்வித்தாளை. 1990களின் கடைசியில், ஃபைசர் மருந்துக் கம்பனியின் நிதியோடு அமெரிக்காவில் உருவானது. கடந்த இரண்டு கிழமை பற்றி ஒன்பது கேள்விகள், மொத்தம் 27 புள்ளி. சாவதே நல்லது என்று தோன்றியதா என்பது ஒன்பதாவது. டொக்டர் பேச்சைத் தொடங்க உதவும் தாள் அது. ஒன்பதாவதுக்கு 'ஓம்' என்றால், எதிரில் இருப்பவர் தொடர்ந்து கதைக்க வேண்டும். போனில் அந்த எதிர் ஆள் யார்? 2023இல், பயனர்களின் மனநலத் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாகச் சொல்லி, பெட்டர்ஹெல்ப் நிறுவனத்தை 78 லட்சம் டொலர் கட்ட வைத்தது அமெரிக்க ஆணைக்குழு. கேட்க ஆள் இல்லாத இடத்தில் வாங்க ஆள் இருந்திருக்கிறது.

ஆப்பை அழி எண்டு நாங்கள் அவளுக்குச் சொல்லேல்லை. அந்தச் சிவப்பு இல்லாட்டி அவளுக்கு எங்களிட்டச் சொல்ல வாய் வந்திருக்காது. அண்டைக்கு இருட்டும் வரை கதைச்சோம். 1926 எண்ட மனநல உதவி எண்ணுக்கு அவள் எடுக்கேக்க பக்கத்தில இருந்தோம். இப்ப ஒவ்வொரு ஞாயிறும் எங்களில ஒராள் அவளைப் பாக்கப் போறம். முதல் கேள்வி எப்பவும் ஒண்டுதான்: "நித்திரை வந்ததா?"