சக் தே வந்த வருஷம்

நம்ம தேசிய விளையாட்டு எது? ஸ்கூல்ல ஹாக்கின்னு எழுதி எல்லோரும் மார்க் வாங்கியிருப்போம். ஆனா அப்படி எந்த விளையாட்டையும் அறிவிக்கவே இல்லைன்னு 2012ல் மத்திய அரசே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த ஒரு கேள்விக்கு, பதில் சொல்லிடுச்சு. பட்டம் சூட்டாத ராஜா!

சரி, மேட்டருக்கு வருவோம். 1982 டெல்லி ஆசியப் போட்டி ஃபைனலில் பாகிஸ்தானிடம் 7-1னு தோற்றோம். கோல்கீப்பர் மிர் ரஞ்சன் நேகியை துரோகின்னே பேசினாங்க. 2007 ஆகஸ்டில் ஷாருக்கின் 'சக் தே இந்தியா' வந்தப்போ இது அவர் கதைன்னு ஒரே பேச்சு. எழுதிய ஜெய்தீப் சாஹ்னியோ, 2002ல் பெண்கள் அணி காமன்வெல்த் தங்கம் வென்ற செய்திதான் பொறின்னார். நடிகைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்தது மட்டும் நிஜமாவே நேகி.

படத்தில் ஹீரோ தவறவிடுவது ஒரே ஒரு பெனால்டி. ஏழு வருஷத்தில் கோச்சா திரும்பி வந்து கோப்பையும் வாங்கிடறார். நேகிக்கு பதினாறு வருஷம் ஆச்சு. 1998 பாங்காக்கில் தன்ராஜ் பிள்ளை தலைமையில் தங்கம் வென்ற அணிக்கு அவர் கோல்கீப்பிங் கோச். இந்தப் பதினாறு வருஷத்தை யாராவது படமா எடுத்தா நான் முதல் ஷோ!

படம் வந்த அடுத்த மாசமே, 2007 செப்டம்பர் 9, நம்ம சென்னையில் ஆசியக் கோப்பை ஃபைனல். கொரியாவை 7-2னு வென்றோம். எங்க கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்ட்ரல் வந்து இறங்கினா அந்த எழும்பூர் ஸ்டேடியம் பக்கம்தான். சரியா பதினஞ்சாம் நாள் தோனி டீம் டி20 உலகக் கோப்பையை ஜெயிக்க, டிவி பூரா கிரிக்கெட். 2008 மார்ச்சில் சிலி நாட்டில் பிரிட்டனிடம் தோற்று பீஜிங் ஒலிம்பிக் வாய்ப்பே போச்சு. 1928க்கு அப்புறம் முதல் தடவை.

'சக் தே' பாட்டு? நான் அதை அதிகம் கேட்டது கிரிக்கெட் மேட்ச்லதான்.