ஆணியும் தும்புத்தடியும்

நம்ம ஊர்ப் பாடசாலை விழாக்களில் போடுகிற நாடகங்களின் முடிவு எல்லாருக்கும் முன்பே தெரியும். சீதனம் கேட்டவன் வெட்கப்படுவான், குடிகாரன் திருந்துவான், கைதட்டல் விழும். அடுத்த நாள் ஊரில் சீதனமும் அப்படியே, குடியும் அப்படியே.

பிரேசில் நாட்டு நாடகக்காரர் ஒகஸ்டோ போவாலும் 1960களின் தொடக்கத்தில் இப்படியான நாடகங்களைத்தான் போட்டார். வடகிழக்குப் பிரேசிலின் ஏழை விவசாயிகள் முன், நிலத்துக்காக இரத்தம் சிந்துவோம் என்று அவருடைய குழு பாடியது. நாடகம் முடிந்ததும் ஒரு விவசாயி எழுந்து, வாருங்கள், அந்தத் துப்பாக்கிகளோடு இப்போதே பண்ணையாரிடம் போவோம் என்றார். துப்பாக்கிகள் வெறும் நாடகப் பொருட்கள். அப்படியென்றால் சிந்தச் சொன்ன இரத்தம் எங்களுடையது, உங்களுடையது அல்ல என்று அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது. தான் எடுக்காத ஆபத்தை இனி யாருக்கும் உபதேசிப்பதில்லை என்று போவால் முடிவெடுத்தார்.

1971இல் இராணுவ ஆட்சி அவரைப் பிடித்துச் சித்திரவதை செய்தது. பிறகு நாட்டை விட்டு வெளியேறினார். 1973இல் பெரு நாட்டின் எழுத்தறிவுத் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே பலருக்குத் தாய்மொழி கெச்சுவா அல்லது ஐமாரா, ஸ்பானிய மொழி அல்ல. அதனால் படிப்பவர்களின் கையில் கமராவைக் கொடுத்து, கேள்விக்குப் படத்தால் பதில் கேட்டார்கள். சுரண்டல் என்றால் என்ன என்று கேட்டபோது ஒரு சிறுவன் கொண்டுவந்தது சுவரில் அடித்த ஓர் ஆணியின் படம். பெரியவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, மற்றப் பிள்ளைகளுக்கு உடனே புரிந்தது. லீமா நகரில் சப்பாத்து மினுக்கும் சிறுவர்கள் தூரத்திலிருந்து வருபவர்கள். தினமும் பெட்டியைச் சுமக்க முடியாமல் கடைச் சுவரில் ஓர் ஆணியை வாடகைக்கு எடுத்து அதில் மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த ஆணிக்குத்தான் வாடகை! எந்தப் பாடப்புத்தகம் இதைச் சொல்லும்?

அதே பெருவில் ஒரு பெண். இவை சொத்துப் பத்திரங்கள், பத்திரமாக வை என்று கணவன் கொடுத்த தாள்களைக் காத்து வைத்திருந்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. அயலவளிடம் காட்டியபோது அவை அவனுடைய காதலியின் கடிதங்கள் என்று தெரிந்தது. இன்றிரவு அவன் வருகிறான், நான் என்ன செய்வது என்று நாடகக் குழுவிடம் கேட்டாள். கதையை நடித்துக் காட்டி, முடிவைச் சபையிடம் கேட்டார்கள். பருத்த உடம்புள்ள ஒரு பெண், அவனோடு தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும் என்றாள். நடிகர்கள் விதம்விதமாகச் செய்து பார்த்தும் அவளுக்குத் திருப்தியில்லை. கடைசியில் நீங்களே வந்து காட்டுங்கள் என்று போவால் சொல்ல, அவள் மேடையேறித் தும்புத்தடியால் கணவனாக நடித்தவரை விளாசித் தள்ளினாள். பிறகு அமைதியாக, மன்னித்துவிட்டேன், போய் எனக்குச் சாப்பாடு எடுத்துவா என்றாள்! பார்ப்பவரே மேடையேறி முடிவை மாற்றும் அரங்கு அங்கிருந்து பிறந்ததாகப் போவாலே எழுதியிருக்கிறார்.

பின்னாளில் றியோ மாநகர சபை உறுப்பினராக (1993–1996) அவர் இதே முறையில் குடிசைப் பகுதி மக்களிடம் யோசனை கேட்டார். அப்படி வந்தவற்றில் 13 சட்டங்களாயின.

நாடகம் என்றாலே முகம் சுழிக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் இந்த முறைக்கு மேடையோ வேஷமோ இசையோ தேவையில்லை. பெண்கள் மட்டும் கூடுகிற இடத்தில் பெண்களே செய்துகொள்ளலாம். பெற்றோர் கூட்டத்தில் அரை மணி நேரம் போதும். பிரச்சினை முற்றுகிற இடத்தில் நிறுத்திவிட்டு, உம்மாமாரையும் வாப்பாமாரையும் உள்ளே கூப்பிட வேண்டியதுதான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே கடை வேலைக்குப் போய்விடுகிற பிள்ளையின் கதையில் தொடங்கலாம் என்பது எங்கள் எண்ணம்.