வெப்பமும் ஓசையும்: கணினியைக் குளிர்வித்த வரலாறு

கணிக்குங் கருவி எதுவாயினும் அது வெப்பத்தை உமிழாதிருப்பதில்லை. கருவியுட் புகுந்த மின்சக்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. அதனை அகற்றுதற்கு மேற்கொண்ட முயற்சிகள் கணினி வரலாற்றின் மறுபாதி எனலாம். அம்முயற்சிகளுக்குக் கொடுத்த விலை ஓசை. அவ்வோசை எழுந்தவாற்றையும் அடங்கியவாற்றையும் ஆராய்தல் பயனுடைத்து.

1946ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் அறிமுகமான எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வால்வுகள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாற் மின்சாரத்தை உண்டது. பெரிய ஊதுவிசிறிகளின்றி அஃது இயங்கியிராது. 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இந்தியாவின் முதல் இலக்கக் கணினி நிறுவப்பட்டது. பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே அமைத்த டிஃப்ராக், 1960இல் பணிக்கு வந்தது. அதிலும் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. அக்காலத்தில் கணினி தனக்கென ஒரு மண்டபம் உடையதாயிருந்தமையின், அதன் இரைச்சல் மண்டபத்தினுள்ளேயே அடங்கிற்று.

திரான்சிற்றரும் அதன்பின் வந்த சில்லும் இந்நிலையை மாற்றின. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட மேசைக் கணினியில், மின்வழங்கிப் பெட்டியிலேயே விசிறி இருந்தது. செயலிக்கெனத் தனிவிசிறி வேண்டப்படவில்லை. ஆயின் அவ்வமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1993இல் தோன்றிய பென்ரியம் காலந்தொட்டுச் செயலியின்மேல் உலோகச் செதிற்கட்டையும் சிறு விசிறியும் அமர்ந்தன. 2004இல் வந்த பென்ரியம் 4 வகைச் செயலிகளுட் சில 115 வாற் வரை வெப்பம் உமிழ்ந்தன. அவ்வாண்டிலேயே இன்ரெல் நிறுவனம் அவ்வழியில் அடுத்து வரவிருந்த செயலியைக் கைவிட்டு, ஒரு சில்லில் பல கருக்களை அமைக்கும் வழியை நாடியது. வேகத்துக்கு எல்லையிட்டவற்றுள் வெப்பமே தலையாயது.

இனி, ஓசை அடங்கிய வழியைக் காண்போம். விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 டெசிபல் குறையும். இழந்த காற்றோட்டத்தை ஈடுசெய்ய இரு வழிகள் உள. ஒன்று விசிறியைப் பெருப்பித்தல்: 80 மில்லிமீற்றர் விசிறியினிடத்தில் 120 மில்லிமீற்றர் விசிறியை வைத்தால் அதன் முகப்பரப்பு இரண்டேகால் மடங்காகின்றது. மற்றையது செதில்களைப் பெருக்குதல். செயலியின் வெப்பத்தைத் தொலைவிலுள்ள செதில்களுக்குக் கொண்டு செல்வது வெப்பக்குழாய். 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதனை உருவாக்கிக் காட்டினார். குழாயினுள் ஒருபுறம் ஆவியாகும் திரவம் மறுபுறஞ் சென்று குளிர்ந்து மீள்கின்றது. விண்வெளிக் கலங்களுக்குப் பயன்பட்ட அக்குழாய் பின்னர் மேசைக் கணினியுள்ளும் இடம்பெற்றது.

இவ்வரலாறு வெப்பநாட்டார்க்கு ஏன் வேண்டும்? விசிறி எத்துணை விரைந்து சுழலினும் அறைக்காற்றினுங் குளிர்ச்சியைத் தரமாட்டாது. ஒரு செதிற்கட்டை, வாற் ஒன்றுக்கு 0.4 பாகை வெப்பநிலை ஏற்றத்துடன் வெப்பத்தைக் கடத்துவதாகக் கொள்வோம். 65 வாற் செயலி அப்போது அறைக்காற்றினும் 26 பாகை மிகுந்திருக்கும். 24 பாகை அறையில் அது 50 பாகை. கச்சான் காற்று வீசுங்காலத்தில், திருகோணமலைக் குடாவை அடுத்த குறிஞ்சாக்கேணி போன்ற ஊரில் 35 பாகை அறையில் அது 61 பாகை. அவ்வேறுபாட்டை வேகத்தால் ஈடுசெய்ய முயலும் சிறு விசிறி இரைவதோடு, தூசியையும் உப்புக்காற்றையும் மிகுதியாக உள்ளிழுக்கும். படிக்கும் மாணாக்கனுக்கு இடையூறு ஒருபுறம். அரிதிற் பெற்ற கருவிக்குக் கேடு மறுபுறம். ஆதலின் பெருஞ்செதிற்கட்டையும் மெதுவாய்ச் சுழலும் பெருவிசிறியும் இந்நிலத்தார்க்கு ஆடம்பரமல்ல.

அவற்றைப் பொருத்துதலும் அரிய வித்தையன்று. மின்னிணைப்பை அகற்றிப் பழைய பசையை மதுசாரத்தால் துடைத்தல், புதிய வெப்பப்பசையைச் சிறிதளவே இடுதல், திருகுகளைக் குறுக்குமறுக்காகச் சிறிது சிறிதாய் இறுக்குதல், முன்புறத்தாற் காற்றுப் புகுந்து பின்புறத்தால் வெளியேறுமாறு விசிறிகளை அமைத்தல், செதில்களிற் படியுந் தூசியைக் காலந்தோறும் நீக்குதல் என்பன போதும்.

இரைச்சலால் வெல்ல முயன்ற வெப்பத்தை, பரப்பாலும் பொறுமையான காற்றாலும் வெல்லலாம் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடமாகும்.