கபடிக் களத்திலிருந்து அரசு வேலைக்கு

மூலனூர், குண்டடம் என்று திருப்பூர் மாவட்டத்துத் தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கபடி ஆடி எத்தனை கோப்பை வாங்கினாலும், அரசு வேலைக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் அவை கணக்கில் வராது. எது கணக்கில் வரும் என்பதற்கு அடித்தளம் போட்டது, 1980 ஆகஸ்ட் 4 அன்று மத்திய அரசு வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணை. சி, டி பிரிவுப் பணிகளில், வழக்கமான தேர்வு முறையைத் தளர்த்தி, தகுதியுள்ள விளையாட்டு வீரர்களை நேரடியாக எடுத்துக்கொள்ள அது வழிவிட்டது. அதற்கான சான்றிதழ்ப் படிவங்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். நாட்டுக்காக ஆடியவருக்குத் தேசியச் சம்மேளனச் செயலர் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்காக ஆடியவருக்கு மாநிலச் சங்கச் செயலர். பல்கலைக்கழக அணியில் ஆடியவருக்கு அதன் விளையாட்டு இயக்குநர். ஊர்ப் போட்டிக்குப் படிவமே கிடையாது. மேலும் இது துறைகளுக்குத் தரப்பட்ட அனுமதிதான், கட்டளை அல்ல. விளையாட்டு ஒதுக்கீட்டு வழக்குகளின் வேர் இந்த இரண்டிலும்தான் இருக்கிறது என்பது என் கருத்து. வேலை உரிமையாக அல்லாமல் சலுகையாக வந்தது. அந்தச் சலுகையின் சாவியோ தனியார் சங்கங்களின் கைக்குப் போனது.

சங்கமே தகராறில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்குக் கபடியே சாட்சி. 2018இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்திய அமெச்சூர் கபடி சம்மேளனத்தின் நிர்வாகத்தில் தலையிட்டு, நிர்வாகி ஒருவரை நியமித்தது. சம்மேளனத்தின் பதவிச் சண்டைக்கும் களத்தில் மூச்சுப் பிடித்துப் பாடிப் போகும் பையனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அவன் சான்றிதழின் மதிப்பு அந்த நாற்காலியைப் பொறுத்தது. சங்கக் கையெழுத்து இல்லையென்றால் போலிச் சான்றிதழ் பெருகிவிடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் ஆட்டம் முடிந்து பல ஆண்டு கழித்து, விண்ணப்பிக்கும் நேரத்தில் வாங்கும் கையெழுத்தைவிட, ஆட்டம் நடந்த அன்றே எழுதி வைக்கும் பதிவல்லவா போலியைத் தடுக்கும்?

இன்னொரு ஆட்சேபம், இரவு பகலாகப் படித்துத் தேர்வெழுதியவன் வயிற்றில் அடிப்பதாகாதா என்பது. 1992இன் இந்திரா சாஹ்னி தீர்ப்பு சமூக ஒதுக்கீட்டையும் அதைக் குறுக்காக வெட்டிச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீட்டையும் பிரித்துக் காட்டியது. விளையாட்டு ஒதுக்கீடு இரண்டாவது வகை. வீரர் தம் சமூகப் பிரிவுக்கு உரிய இடங்களுக்குள்தான் வருகிறார். பணிக்கான கல்வித் தகுதியும் அவருக்கு இருக்க வேண்டும். 2023இல் சண்டிகர் பொறியியல் கல்லூரி ஒன்றின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு மதிப்பெண் கேட்டதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அது கல்லூரிச் சேர்க்கை வழக்கு. ஆனால் விளையாட்டை வளர்க்க வைத்த இடத்தில் மதிப்பெண்ணைக் குவித்துத் தடைபோடக் கூடாது என்ற அதன் தர்க்கம் வேலைக்கும் பொருந்தும் என்றே நான் நினைக்கிறேன். முப்பது வயதுக்குள் உடல் ஓய்ந்துவிடும் தொழில் இது. படிக்க வேண்டிய வயதை மைதானத்துக்குக் கொடுத்தவரிடம் அந்த வயதின் மதிப்பெண்ணைக் கேட்பது அநீதி.

விதி கைகொடுக்காதபோது என்ன நடக்கும் என்பதைத் தமிழ்நாடு நன்றாகவே கண்டிருக்கிறது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்று, பாலினச் சோதனையால் அதை இழந்த புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜன், 2012இல் செங்கல் சூளையில் கூலி வேலை செய்தார். நிரந்தரப் பயிற்சியாளர் பணிக்கு ஏறத்தாழப் பத்தாண்டு காத்திருந்தார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம் வென்ற சேலத்து மாரியப்பன் தங்கவேலுவுக்கு, டோக்கியோ வெள்ளிக்கும் பிறகு, 2021 நவம்பரில்தான் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தில் துணை மேலாளர் பணிக்கான ஆணை வந்தது. பாராலிம்பிக் தங்கத்துக்கே இந்த நிலை என்றால், மாநில அணியோடு நின்றுவிட்டவர் வழக்கறிஞரைத் தேடித்தான் போவார்.

இன்று தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. மாவட்டந்தோறும் விளையாட்டு அலுவலரும் இருக்கிறார். திருப்பூர் மாவட்டத்தில் எந்தப் போட்டி நடந்தாலும் அணிப் பட்டியலையும் முடிவையும் அன்றே அவர் அலுவலகத்தில் பதிந்து, எவரும் பார்க்கும்படி வெளியிடச் சட்டத்திருத்தம்கூடத் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.