சல்சாவும் காலி நகரமும்: ஆடுவோர், இசைத்தட்டு இயக்குவோர், ஆட்டம் கூட்டுவோர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஓர் இசைவகையின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதனை இயற்றியவரையும் பாடியவரையும் முதலில் தேடுவர். சல்சா என இன்று உலகெங்கும் வழங்கும் ஆட்டவிசையின் வரலாறும் பெரும்பாலும் இவ்வழியிலேயே எழுதப்பட்டு வந்துள்ளது. கியூபாவிற் பிறந்த சொன், மம்போ முதலிய வகைகள் நியூயோர்க்கிற் குடியேறிய புவேர்ட்டோ றிக்கோ மக்களிடையே புதுவடிவம் பெற்றமை, 1964இல் ஜொனி பச்சேக்கோ என்னும் இசைஞரும் ஜெரி மசூச்சி என்னும் வழக்கறிஞரும் நிறுவிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் சல்சா என்ற பெயரை வணிக முத்திரையாகப் பரப்பியமை, 1971 ஆகஸ்ட் 26ஆம் நாள் சீற்றா என்னும் ஆடரங்கிலே அந்நிறுவனத்து இசைஞர் ஒருங்குகூடி இசைத்தமை என்றவாறு அவ்வரலாறு செல்லும். இவற்றிற் பிழை ஏதுமில்லை. ஆயின், ஓர் இசைத்தட்டு விற்பனையாகிக் கைமாறிய பின்னர் அதற்கு என்ன நேர்ந்தது என்னும் வினா இவ்வரலாற்றில் எழுவதில்லை. அதனை எழுப்புவோர் தென்னமெரிக்காவின் கொலம்பியா நாட்டிலுள்ள காலி நகரை நோக்கியே செல்ல வேண்டியிருக்கும்.

தென்னிலங்கைக் காலியோடு இதற்குப் பெயரொலி ஒன்றே பொது. நமது காலி கடற்றுறை. கொலம்பியக் காலியோ கடல் காணாதது. கௌக்கா ஆற்றுப் பள்ளத்தாக்கிலே, ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில், கரும்புத் தோட்டங்கள் சூழ அமைந்துள்ளது. பசுபிக் கரையிலுள்ள புவனவென்தூரா என்னும் துறைமுகத்தை அடைய அந்தீசு மலையின் மேற்குத் தொடரைக் கடத்தல் வேண்டும். 1948இன் பின் கொலம்பிய நாட்டுப்புறத்தைச் சூறையாடிய அரசியல் வன்செயலுக்கு அஞ்சியும், சருக்கரை ஆலைகளிலும் புதிய தொழிற்சாலைகளிலும் வேலை தேடியும் மக்கள் இந்நகரில் வந்து குவிந்தனர். 1951இல் மூன்று இலட்சத்திற் குறைந்திருந்த சனத்தொகை 1964இல் ஆறு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. வந்தோருட் பலர் பசுபிக் கரையோரத்துக் கறுப்பின மக்கள். நாட்டின் மேட்டுக்குடியினர் தேசிய இசையெனப் போற்றிய பம்புக்கோ மலைநாட்டு வெள்ளையரின் இசையாக இருந்ததேயன்றி இவர்களின் உள்ளத்தைத் தொடவில்லை. பல திசைகளிலிருந்து வந்து ஒரு தெருவிற் குடியேறியோர் தமக்குப் பொதுவானதோர் இசையை வேறெங்கேனும் தேட வேண்டியிருந்தது.

அவ்விசை துறைமுகத்தின் வழியாக வந்தது. புவனவென்தூராவில் இறங்கிய கப்பலோட்டிகள் கியூபா, புவேர்ட்டோ றிக்கோ, பின்னர் நியூயோர்க் ஆகிய இடங்களின் இசைத்தட்டுகளைக் கொண்டுவந்தனர். அவை காலியில் முதலிற் சென்றடைந்த இடம், மதிப்புக்குரிய குடும்பத்தார் பெயர் சொல்லவும் கூசிய பரத்தையர் பகுதியின் மதுச்சாலைகளாகும். ஆட்ட அடவுகளிற் சிலவற்றை மெக்சிக்கத் திரைப்படங்களைப் பார்த்தே இளைஞர் கற்றுக்கொண்டனர். இவ்வாறு இழிவெனக் கருதப்பட்ட இடத்திலே வேரூன்றிய இசை, 1950களின் பின் தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. அதனை நுழைவித்தவர் இசைஞர் அல்லர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. வாத்தியக் குழுவை அமர்த்தும் வசதி அக்குடியிருப்புகளுக்கு இல்லை. யாரேனும் ஒருவரிடம் நல்ல தட்டுகள் இருந்தன. வேறொருவரின் வீட்டிற் கூடம் இருந்தது. வந்தோர் ஆளுக்குச் சிறு தொகை பங்கிட்டனர். அதுவே ஆட்டவிழாவாயிற்று. மதுவின்றிப் பழச்சாறும் குளிர்பானமும் வழங்கி ஞாயிறு பிற்பகல்களில் இளையோருக்கென நடத்தப்பட்ட கூட்டங்களும் இருந்தன. லூலோ என்னும் அந்நாட்டுப் பழத்தின் சாற்றையொட்டி அவற்றுக்கு அகுவேலூலோ எனப் பெயர் வழங்கியது.

இத்தகைய கூட்டங்களிலேதான் ஒரு புதுவகை வாழ்க்கைத் தொழில் உருவாயிற்று. பதினைந்து வயதில் ஆட வந்தவன் ஆட்டத்தில் வல்லவனாகிறான். வல்லவனுக்கு எந்தத் தட்டு எந்த வேளையிற் கால்களை எழுப்பும் என்பது தெரியும். ஆகவே தட்டுகளைத் தேடிச் சேர்க்கிறான்; சேர்த்தவனையே பிறர் தம் கூட்டத்தில் இசைத்தட்டு இயக்க அழைக்கின்றனர். நாளடைவில் அவனே இடம் பிடித்து, கட்டணம் வாங்கி, ஆட்டம் கூட்டுபவனாகிறான். ஆடுவோர், தட்டு இயக்குவோர், ஆட்டம் கூட்டுவோர் என்பன மூன்று தொழில்களாக வெளியே தோன்றினும், காலியின் தெருக்களில் அவை ஒரே வாழ்வின் மூன்று பருவங்களாகப் பலருக்கு அமைந்தன. பெண்களுக்கு இவ்வழி அவ்வளவு எளிதாகத் திறந்திருக்கவில்லை. ஆடுகளத்திற் புகழ்பெற்ற பெண் கூட இழிசொல்லுக்கு ஆளாகவேண்டியிருந்த காலம் அது.

1960களின் நடுப்பகுதியில் இவர்கள் செய்த ஒரு காரியம் இசைவரலாற்றில் தனிக்கவனத்துக்குரியது. நியூயோர்க்கிலிருந்து அக்காலத்தில் வந்த பச்சாங்கா, பூகலூ ஆகிய வகைத் தட்டுகள் காலி ஆட்டக்காரருக்கு மந்தமாகப் பட்டன. நிமிடத்துக்கு முப்பத்து மூன்று சுற்றுச் சுழல வேண்டிய நெடுந்தட்டை நாற்பத்தைந்து சுற்றிற் சுழலவிட்டனர். கருவியிலிருந்த சிறு விசையொன்றைத் தள்ளுவதே இதற்குத் தேவைப்பட்டது. ஆயினும் விளைவு பெரிது. பாட்டின் வேகம் மூன்றிலொரு பங்குக்கு மேலாக ஏறியது, சுருதியும் உடன் ஏறியமையால் ஆடவர் குரல் கீச்சுக்குரலாயிற்று, ஊதுகருவிகள் கூவின. பாடகரின் குரலழகு போயிற்று. அதனைப் பொருட்படுத்தியோர் குறைவு. அந்த வேகத்துக்கு உடலை முழுதும் அசைத்து ஆடுதல் இயலாது. ஆதலால் மேலுடல் நிமிர்ந்து நிற்க, முழங்காலுக்குக் கீழேயே ஆட்டம் இறங்கியது. பாதங்கள் இடையறாது குத்தியும் துள்ளியும் குறுக்கிட்டும் விரையும் காலிப் பாணி இவ்வாறே உருப்பெற்றது. இன்று உலகப் போட்டி மேடைகளிற் கொலம்பிய ஆட்டக்காரரை ஏனையோரிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவது இப்பாத வேகமே.

இதனை வெறும் விளையாட்டு என்று ஒதுக்குவோர் உளர். அந்நியப் பண்டத்தை வாங்கி நுகரும் அடிமைத்தனம் என்று கண்டிப்போரும் உளர். இவ்விரண்டாவது கருத்து நம் பல்கலைக்கழகங்களிலும் செல்வாக்குள்ள கருத்தே. வெளிநாட்டு முதலாளி உற்பத்தி செய்கிறான், ஏழை நாட்டான் நுகர்கிறான் என்னும் பொதுவுண்மை பண்டத்தின் விற்பனைக்குப் பொருந்தும். பண்டத்தின் பயன்பாட்டுக்கு அது முற்றாகப் பொருந்துமெனக் கொள்ளுதல் அவசரமாகும். நியூயோர்க்கில் அந்த இசையை ஆக்கியோர் நினைத்தும் பாராத வேகத்தில், அவர்கள் அறியாத அடவுகளோடு, அவர்கள் பார்த்திராத நகரொன்று அதனைத் தனதாக்கியது. ஆக்கம் எங்கே நிகழ்ந்தது என்பதற்கு விற்பனைப் பட்டியல் விடை தராது.

ஆக்கியோரும் பின்னர் இதனை நேரிற் காண நேர்ந்தது. 1956 ஆகஸ்ட் 7ஆம் நாள் வெடிமருந்து ஏற்றிய இராணுவ வாகனங்கள் நகரின் நடுவே வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்ட பேரழிவின் பின், மக்களின் மனத்தைத் தேற்றவும் நகரின் பொருளாதாரத்தை நிமிர்த்தவும் 1957 முதல் காலியில் ஆண்டிறுதித் திருவிழா நடத்தப்பட்டு வருகிறது. 1968 டிசம்பர்த் திருவிழாவுக்கு நியூயோர்க்கிலிருந்து றிச்சி றே, பொபி குரூஸ் ஆகியோரின் குழு வந்தது. அந்நகர் அதுவரை தட்டிற் கேட்ட குரல்களை முதன்முதலாக நேரிற் கேட்டது. தம் இசைக்கு இவ்வாறும் ஆடலாம் என்பதைக் குழுவினரும் கண்டனர். காலியின் புகழ்பெற்ற ஆட்டக்காரியான அம்பாரோ ராமோஸ் என்பவர் பற்றி அவர்கள் 'அம்பாரோ அர்ரேபாத்தோ' என்னும் பாட்டை இசைத்து வெளியிட்டனர். இசைஞர் பாட்டுத் தர ஆட்டக்காரர் ஆடுதல் வழமை. இங்கு ஆட்டம் பாட்டைத் தந்தது. அம்பாரோவின் பெயர் இவ்வாறு தட்டில் ஏறியதும் ஒரு விதிவிலக்கே. விசையைத் தள்ளி வேகத்தை ஏற்றிய கைகள் யாருடையவை என்பதை எந்தத் தட்டுறையும் கூறவில்லை. பாதிப்புரிமைப் பணம் அவர்களுக்குச் சேர்வதற்கும் சட்டத்தில் இடமில்லை. ஆட்டத்தைக் குறித்துவைக்கும் வழக்கமும் அக்காலத்தில் அங்கு இல்லாமையால், இறந்தோரின் அடவுகளிற் பல அவர்களோடே மறைந்தன.

1980களில் நிலைமை மாறியது. சோக்கோ பகுதியைச் சேர்ந்த ஹைரோ வரேலாவின் நீச்சே குழு 1984இல் வெளியிட்ட 'காலி பச்சாங்கேரோ' நகரின் கீதம் போலவே ஆயிற்று. வாத்தியக் குழுக்கள் பெருகின. இதே காலத்தில் போதைப்பொருள் வணிகத்தின் பணமும் இரவு விடுதிகளுள்ளும் இசைக்குழுக்களுள்ளும் பாய்ந்தது. காலியின் இசைச் செழிப்பைப் பேசுவோர் பலர் இதனை மெல்லக் கடந்துவிடுவர். தட்டுக்கு ஆடியோர் ஓரங்கட்டப்பட்டனர். உயிருள்ள இசை வந்துவிட்டபோது பழைய தட்டு எதற்கு என்பதே பொது எண்ணம். 1995இல் அவ்வணிகக் கும்பலின் தலைவர்கள் கைதாகியபின் பணம் வற்றியது, விடுதிகள் மூடப்பட்டன, குழுக்கள் கலைந்தன.

எஞ்சி நின்றது தட்டே. 1990களில் முதியோரின் பொழுதுபோக்குக்கெனத் தொடங்கப்பட்ட விய்யகோத்தேகா என்னும் ஞாயிறு பிற்பகல் ஆட்டங்கள் நகரெங்கும் பரவின. ஐம்பதையும் அறுபதையும் கடந்தோர், தாம் சிறுவயதில் ஆடிய அதே தட்டுகளுக்கு, அதே மிகைவேகத்தில் ஆடினர். பேரப்பிள்ளைகள் பார்க்க வந்து பின் தாமும் ஆடினர். இக்காலப்பகுதியிற் காலியிற் களஆய்வு செய்த இசையியலறிஞர் லீஸ் வாக்ஸர், அந்நகரை இசை நினைவின் நகரம் என்று பெயரிட்டு எழுதிய நூல் 2002இல், அவர் இளவயதில் மறைந்த அதே ஆண்டில் வெளிவந்தது. தட்டுகளை ஆராய்ச்சிக்குரிய சான்றாகவும் தட்டு இயக்குவோரை அறிவுடையோராகவும் மதித்தமை அந்நூலின் சிறப்பு.

ஆண்டிறுதித் திருவிழாவின்போது இசைத்தட்டுச் சேகரிப்போர் தம் பெட்டிகளோடு ஒன்றுகூடுவதும் வழக்கமாகியுள்ளது. ஒவ்வொருவரும் பிறரிடம் இல்லாத ஒரு தட்டை எடுத்து, அதன் ஆண்டையும் வாசித்தோரையும் கூறி, ஊசியை வைக்கின்றனர். வயது முதிர்ந்த சிலர் அப்பொழுது நாற்காலியை விட்டு எழுகின்றனர்.